மிஷனரி வீட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை

வெளிநாட்டில் ஊழியம் செய்யும் குடும்பங்களிடமிருந்து எங்கள் சபைக்கு வரும் ஜெபக் கடிதங்களை வாசித்து, அதிலிருந்து நாலு வரி எடுத்து ஞாயிறு ஆராதனையில் சொல்வது கொஞ்ச காலமாக என் பொறுப்பு. வாசித்து வாசித்து ஒரு எண்ணம் மனதில் ஊறிப்போய்விட்டது. சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை. அந்தக் குடும்பங்கள் தங்கள் அன்றாட வாழ்க்கையை உள்ளபடி எழுத முடியாமல் இருப்பதற்குக் காரணம், அவர்களை அனுப்பி வைத்த நாம்தான்.

கடிதங்கள் எல்லாம் ஒரே வார்ப்பில் இருக்கும். ஒருவர் விசுவாசத்துக்கு வந்தார், ஒரு நோயாளி சுகமானார், ஒரு கிராமத்தில் வாசல் திறந்தது. கடைசியில் ஜெபக்குறிப்புகள். இதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை, நடந்ததைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் மூன்று மாதத்தில் நடந்த அந்த ஒரு விஷயத்துக்கு முன்னாலும் பின்னாலும் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு முறை நான் கேட்டேன். நெருக்கமாகப் பழகிய குடும்பம், அதனால் கேட்க முடிந்தது. "அக்கா, நேத்து என்ன செஞ்சீங்க? காலையிலிருந்து சொல்லுங்க" என்றேன். நேற்று செவ்வாய்க்கிழமை. விசா புதுப்பிக்க அண்ணன் அதிகாலையிலேயே அலுவலகத்தில் போய் வரிசையில் நின்றிருக்கிறார். மதியம் கவுண்டரை நெருங்கியபோது, போட்டோவின் பின்னணி வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சின்னவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு அக்கா மொழி வகுப்புக்குப் போயிருக்கிறார். அப்புறம் ஆஸ்பத்திரி. பல நாளாக அவருக்கு அடிவயிற்றில் வலி. டாக்டர் பேசுவது பாதிதான் புரிகிறது, ஆகவே துணைக்கு மூத்த மகனைக் கூட்டிப் போயிருக்கிறார். அவனுக்கு அந்த ஊர் மொழி தண்ணீர் பட்ட பாடு. பத்து வயதுப் பையன், தன் அம்மாவின் மாதவிலக்கைப் பற்றி டாக்டர் கேட்ட கேள்விகளை அம்மாவிடம் தமிழில் கேட்டிருக்கிறான். எந்த வார்த்தையைச் சொல்வது என்று தெரியாமல் கூச்சத்தில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னானாம்.

"இதையெல்லாம் எப்படித் தம்பி எழுதறது? காணிக்கை அனுப்பறவங்க என்ன நினைப்பாங்க?" என்று சிரித்தார்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலான மிஷனரி குடும்பங்களுக்கு மாதம் பிறந்தால் நிச்சயமாக வரும் சம்பளம் என்று ஒன்று கிடையாது. சபைகளும் தனிநபர்களும் இவ்வளவு தருகிறோம் என்று ஒப்புக்கொண்டதை நம்பித்தான் குடும்பம் ஓடுகிறது. யாராவது ஒருவருக்கு வேலை போனால், அந்த வருடம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் துண்டு விழும். வருவது ஒரு நாட்டுப் பணம், செலவழிப்பது இன்னொரு நாட்டுப் பணம். மாற்று விகிதம் சரிந்தால், யாரும் எதையும் குறைக்காமலேயே வீட்டு வரவு குறைந்துவிடும். இந்த நிலையில் இருப்பவர், "இந்த மாதம் விசா வரிசையில் நின்றேன், பைப் ரிப்பேர் செய்தேன், மொழி வகுப்பில் இறந்தகால வினைச்சொற்கள் படித்தேன்" என்று எழுதுவாரா? அறுவடை எங்கே என்று கேட்டுவிட மாட்டார்களா? கேட்கிறார்கள். எங்கள் சபைக் கமிட்டியிலேயே கேட்டிருக்கிறார்கள். ஒரு மொழியில் சரளமாகப் பேச ஓரிரு வருடமாவது ஆகும், அது வரைக்கும் அவர் அந்தத் தெருவில் ஒரு குழந்தை மாதிரிதான் என்பதை எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு முழுக் கூட்டம் தேவைப்பட்டது.

மிஷனரி என்ற பெயரிலேயே விசா கொடுக்கும் நாடுகள் உண்டு, கொடுக்காத நாடுகளும் உண்டு. கொடுக்காத இடத்தில் ஆசிரியராகவோ இன்ஜினியராகவோ வேலை பார்த்துக்கொண்டேதான் ஊழியம். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு கூடாரம் செய்து பிழைத்ததை இதற்கு உதாரணமாகச் சொல்வோம். நல்ல உதாரணம்தான். ஆனால் பவுலுக்குக் குடும்பம் இல்லை. நம்முடைய மிஷனரி பிரசங்கங்களில் பாதி, மனைவி பிள்ளைகள் இல்லாத ஒரு மனிதரின் பயணங்களை அளவுகோலாக வைத்து, மூன்று பிள்ளை பெற்றவரை அளக்கிறது. மனைவியைக் கூடவே கூட்டிக்கொண்டு போனவர் பேதுரு என்று அதே பவுல்தான் 1 கொரிந்தியர் 9-ல் சொல்கிறார். அந்த அம்மாவின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவருடைய தாயாருக்கு ஒரு முறை காய்ச்சல் வந்தது என்பது மட்டும்தான் சுவிசேஷத்தில் இருக்கிறது.

பெயர் தெரிந்த மனைவிகளின் கதையும் சுகமாக இல்லை. இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரியைத் தெரியாத சபை கிடையாது. அவர் மனைவி டாரத்தி கேரியை எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கிலாந்தை விட்டு வர அவருக்கு விருப்பமே இல்லை. முதலில் மறுத்தார், பிறகு கைக்குழந்தையோடு, தன் தங்கையும் கூட வருவதாக இருந்தால் சரி என்று சம்மதித்தார். 1793-ல் வங்காளம் வந்தார்கள். அடுத்த வருடமே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுப்போக்கில் இறந்துபோனான். அதற்குப் பிறகு டாரத்தியின் மனநிலை தேறவே இல்லை. 1807-ல் சாகும் வரைக்கும் அப்படியே. கேரி பைபிளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அதே வருடங்கள் இவை. கேரியை வில்லனாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. மனநோய்க்கு அன்று அங்கே என்ன வைத்தியம் இருந்தது, அவர்தான் என்ன செய்திருக்க முடியும்? ஆனால் கேரி நினைவாகக் கூட்டம் நடத்தும்போது டாரத்திக்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்காமல் இருப்பது நாம் செய்யும் வேலை, அதற்கு 18-ஆம் நூற்றாண்டைக் குறை சொல்ல முடியாது.

எரிக் லிடெல் கதையை வாலிபர் கூட்டங்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று சொல்லி, 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் தங்கம் வாங்கியவர். மேடையில் கதை அந்தப் பதக்கத்தோடு முடிந்துவிடும். எனக்கு அவருடைய வாழ்க்கையின் இரண்டு முனைகள்தான் முக்கியமாகப் படுகின்றன. அவர் பிறந்தது 1902-ல் சீனாவில், மிஷனரி பெற்றோருக்கு. ஆறு வயதில் அவரையும் எட்டு வயது அண்ணனையும் இங்கிலாந்தில் மிஷனரிகளின் மகன்களுக்கென்றே இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டுப் பெற்றோர் சீனாவுக்குத் திரும்பினார்கள். அப்படிப் பள்ளிகள் இருந்தன என்பதே, அது எவ்வளவு சாதாரண நடைமுறை என்பதைக் காட்டும். பிறகு அவரே மிஷனரியாகச் சீனா போனார். போர் நெருங்கியபோது, 1941-ல், கர்ப்பிணி மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். மூன்றாவது மகள் அங்கே பிறந்தாள். 1945 பிப்ரவரியில் சீனாவில் ஜப்பானியர் நடத்திய வெய்ஷியன் சிறை முகாமில் மூளைக்கட்டியால் அவர் இறந்தார். அந்த மகளை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த பையன், பிள்ளைகளைப் பிரிந்தே செத்துப்போனான்.

இன்று வீடியோ காலும் விமானமும் இருப்பதால் பிரிவு குறைந்திருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வருடக்கணக்கில் பார்க்காமல் இருப்பதை இன்று யாரும் ஆவிக்குரிய காரியமாகப் பேசுவதில்லை. நல்லது. ஆனால் பிள்ளைகள் தரும் விலை வேறு உருவத்தில் தொடர்கிறது. இப்படி வளரும் பிள்ளைகளை அமெரிக்க சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம் 1950-களிலேயே கவனித்து எழுதத் தொடங்கினார். மிஷனரிகள் மட்டுமல்ல, தூதரக அதிகாரிகள், கம்பெனி ஊழியர்கள் என்று வெளிநாட்டில் வேலை பார்த்த எல்லோருடைய பிள்ளைகளும் இதில் அடக்கம். பெற்றோர் ஊரும் முழுசாகச் சொந்தமில்லை, வளரும் ஊரும் முழுசாகச் சொந்தமில்லை. தங்களைப் போலவே வளர்ந்த இன்னொரு பிள்ளையிடம்தான் சட்டென்று ஒட்டிக்கொள்வார்கள். தூதரகப் பிள்ளைக்கு இல்லாத ஒரு சுமை மிஷனரி பிள்ளைக்கு மட்டும் உண்டு: அவன் நடத்தையும் அப்பாவின் ஊழியத்தில் சேர்த்தி.

விடுமுறையில் வரும்போது இதைக் கண்ணால் பார்க்கலாம். பயணக் களைப்பு தீருவதற்குள் முதல் ஞாயிறே சபை. அந்த நாட்டு உடையை மாட்டிவிட்டு, பிள்ளைகளை மேடையில் ஏற்றி, அந்த மொழியில் ஒரு பாட்டு பாடச் சொல்லுவோம். பாடி முடித்ததும் கை தட்டுவோம். பிறகு வாசலில் ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளி, "என்னைத் தெரியுதா? உனக்காக தினமும் ஜெபம் பண்றேன்" என்போம். அன்பாகத்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு நாம் யாரென்றே தெரியாது. நம்மிடம் மட்டும் அவனுடைய காய்ச்சல், பரீட்சை மதிப்பெண், இரவில் பயந்து அழுதது எல்லாம் ஜெபக்குறிப்பாக வந்து சேர்ந்திருக்கிறது. இது ஒரு பதினாலு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு எரிச்சல் தரும் என்று விளக்கினால் நமக்கே புரியும், ஆனால் அதையும் விளக்க வேண்டியிருக்கிறது.

"சிலுவையைச் சுமக்கத்தானே போனார்கள், கஷ்டம் இல்லாமல் ஊழியமா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். கஷ்டம் வேண்டாம் என்று அந்தக் குடும்பங்களே சொல்லவில்லை ஐயா. அழைப்பு என்று நம்பிப் போயிருக்கிறார்கள், அதை நான் மதிக்கிறேன். நல்ல நாட்களும் நிறைய உண்டு. தெருப் பிள்ளைகளோடு தங்கள் பிள்ளைகள் அந்த மொழியில் சண்டை போடும்போது கிடைக்கும் சந்தோஷத்தைப் பற்றி அந்த அக்காவே மணிக்கணக்கில் பேசுவார். நான் சொல்வது, சுமக்கிற கஷ்டத்தை மறைக்கவும் வேண்டும் என்ற கூடுதல் கஷ்டத்தை நாம் ஏற்றக் கூடாது என்பதுதான். அதிலும் மன அழுத்தம் என்று ஒரு வார்த்தை கடிதத்தில் வந்துவிட்டால், ஆளைத் திருப்பி அழைத்துவிடலாமா என்று கூடிப் பேசுகிற சபைகள் உண்டு. அடுத்த கடிதத்தில் அந்த வார்த்தை எப்படி வரும்?

எங்கள் கமிட்டியில் மூன்று விஷயம் கேட்டிருக்கிறேன். காணிக்கையைக் கடிதத்தில் வரும் எண்ணிக்கையோடு முடிச்சுப் போடக் கூடாது. மிஷனரியின் மனைவியிடம் தனியாகப் பேச, சபையில் பொறுப்புள்ள ஒரு பெண் இருக்க வேண்டும், மனைவி சொன்னதை அவர் கமிட்டியில் வந்து ஒப்பிக்கக் கூடாது. விடுமுறையில் வருகிறவர்களுக்கு முதல் மாதம் எந்தக் கூட்டமும் வைக்கக் கூடாது. முதல் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டார்கள். மூன்றாவதுக்குத்தான் இழுபறி, ஏனென்றால் அடுத்து ஒரு குடும்பம் விடுமுறைக்கு வரும் மாதம்தான் மிஷனரி ஞாயிறும் வருகிறது. அவர்கள் வந்து இறங்குவதற்குள் ஒரு முடிவு எடுத்துவிட வேண்டும். அவர்கள் பையன் மேடை ஏறுவதைப் பற்றி அவனிடமே கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். மாட்டேன் என்று சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும், அவன் அப்பாவைப் பிடித்து இரண்டாம் முறை கேட்கக் கூடாது.