எந்த 'எம்பி' என்று சொல்லித் தொலையுங்கள்!

நேற்று ராத்திரி ஒரு மணி நேரம் ரவுட்டரோடு மல்லுக்கட்டினேன். ஒயரைப் பிடுங்கிச் செருகி, அணைத்துப் போட்டு, கணினியை இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்து... எல்லாம் வீண். ஏனென்றால் எதுவுமே கெட்டுப்போகவில்லை!

என் இணைய இணைப்பு நொடிக்கு 100 எம்பி. இறக்க வேண்டிய வீடியோ 4 ஜிபி, அதாவது சுமார் 4,000 எம்பி. நாற்பது நொடியில் வந்துவிடும் என்றுதானே எவரும் கணக்குப் போடுவார்கள்? திரையில் நொடிக்கு 11.2 எம்பி என்று ஊர்கிறது. முழுசாக இறங்க ஆறு நிமிடம். வேகத்தைச் சோதித்துப் பார்த்தால் 94 எம்பி என்று வருகிறது. ஒரே ஒயர், ஒரே திரை. இங்கே 94, அங்கே 11.2. இரண்டுக்கும் பெயர் 'எம்பி'! கம்பெனிக்குப் போன் போட்டேன். "ஸ்பீடு சரியாத்தான் சார் இருக்கு" என்று வைத்துவிட்டார்கள். சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எது பிட், எது பைட் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

இணைப்பு விற்பவர்கள் சொல்வது மெகாபிட். ஃபைலை அளப்பது மெகாபைட். பிட் என்பது தகவலின் மிகச் சிறிய துண்டு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட், அதற்கு மேல் ஒரு துளி வராது. இந்த எட்டு மடங்கு வித்தியாசத்தை ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்: சின்ன 'பி' பிட், பெரிய 'பி' பைட். வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். தமிழில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து என்ற பேச்சே கிடையாது. போனில் கேட்கிறவரும் தமிழில் படிக்கிறவரும் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது?

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்தக் குழப்பம் வரும் என்று அன்றைக்கே ஒருவர் யோசித்திருக்கிறார். 1956இல் ஐபிஎம் கணினிக் கம்பெனியில் வெர்னர் புக்ஹோல்ஸ் 'பைட்' என்ற சொல்லை உருவாக்கியபோது, அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலை bite என்று வைக்காமல் வேண்டுமென்றே byte என்று மாற்றி வைத்தார். bite என்றால் ஓர் எழுத்து விட்டுப்போனாலே 'பிட்' (bit) ஆகிவிடுமே என்றுதான். அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்த பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி, மறுபடியும் அதே குழியில் தள்ளிவிட்டார்கள்!

கம்பியில் தகவல் பிட் பிட்டாகத்தான் ஓடுகிறது, பழைய கணினிகளில் பைட் என்பதே எல்லாவற்றிலும் எட்டு பிட்டாக இல்லை, அதனால் பிட்டில் அளந்தார்கள். சரி, பொறியாளர்கள் தங்களுக்குள் அப்படியே பேசிக்கொள்ளட்டும். 100 என்பது 94 ஆனதிலும் எனக்குச் சண்டை இல்லை. தகவல் சின்னச் சின்னப் பொட்டலமாக, அதாவது பாக்கெட்டாகத்தான் வருகிறது; ஒவ்வொரு பாக்கெட்டும் தன் முகவரியையும் சுமந்துகொண்டுதானே வர வேண்டும்.

ஆனால் 94ஐ எட்டால் வகுத்தால் 11.75 அல்லவா வர வேண்டும்? 11.2 எங்கிருந்து வந்தது? அங்கேயும் ஒரு கூத்து. இணைப்புக் கணக்கில் மெகா என்றால் 10 லட்சம். என் கணினியின் கணக்கில் 1024ஐ 1024ஆல் பெருக்கினால் வரும் 10,48,576. அந்தப் பெரிய மெகாவால் அளந்தால் 11.75 சுருங்கி 11.2 ஆகிவிடுகிறது. இந்தப் பெரிய மெகாபைட்டுக்கு 1998லேயே 'மெபிபைட்' என்று தனிப்பெயர் வைத்தாகிவிட்டது. அதைப் போடாமல் அதற்கும் 'எம்பி' என்றே போடுகிறார்கள். 1 டெராபைட், அதாவது 1,000 ஜிபி டிஸ்க் வாங்கினால் 931 ஜிபி என்று காட்டுவதும் இதே கோளாறுதான்.

என் அப்பா 50 எம்பி இணைப்பில் 6 எம்பிதான் இறங்குகிறது, ஏமாற்றுகிறார்கள் என்று கொதித்துப்போய் போன மாதம் கம்பெனியையே மாற்றினார். புதியதிலும் அதே 6. இப்போது கணினிதான் பழசாகிவிட்டது என்று அதை மாற்றக் கிளம்பியிருக்கிறார். 'நொடிக்கு 50 மெகாபிட், ஃபைல் இறங்கும்போது சுமார் 6 மெகாபைட்' என்று விளம்பரத்தில் ஒரு வரி போடுங்களேன். ஒரே ஒரு வரி!