மெதுவாக ஓட வெட்கப்பட்ட எட்டு மாதம்

ஓடுகிறவர்கள் யாரிடம் பேசினாலும் பெருமையாகச் சொல்வது ஒன்றுதான்: "இன்னிக்கு உயிரே போயிருச்சு!" நானும் அந்தக் கூட்டம்தான். வாரத்துக்கு ஆறு நாள் ஓட்டம், ஆறு நாளும் நாக்குத் தள்ளும். 10 கி.மீ. ஓட 58 நிமிடம். எட்டு மாதம் கழித்தும் அதே 58. புதிதாகக் கிடைத்தது கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு வலி மட்டும்.

உழைப்பில் குறை இல்லை, எல்லா நாளும் ஒரே மாதிரி உழைத்ததுதான் கோளாறு. வேகத்திலும் சேராமல் மெதுவிலும் சேராமல் நடுவில் ஒரு வேகம் இருக்கிறதே, அது ஆளைக் களைப்பாக்கும். மறுநாள் நிஜமான வேக ஓட்டத்துக்குக் காலில் தெம்பு வைக்காது.

ஆர்தர் லிடியார்ட் என்ற நியூசிலாந்து கோச் இதை அப்போதே பிடித்துவிட்டார். 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லை வாரத்துக்கு 160 கி.மீ. வரை ஓடவைத்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற பந்தயத்துக்கு இது எதற்கு என்று தோன்றும். நீண்ட, நிதானமான ஓட்டத்தில்தான் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் கூடுகிறது, தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. அந்த அடித்தளத்தின் மேல்தான் வேகப் பயிற்சி. ஸ்னெல் 1960 ரோமில் 800 மீட்டர் தங்கம், 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம்.

"அப்போ செக் நாட்டு ஓட்டக்காரர் ஸாட்டோபெக்? அவர் தினமும் கடினமாகத்தானே ஓடினார்?" என்று யாராவது கமென்ட்டில் வருவீர்கள். வாங்க. அவர் ஒரே நாளில் 400 மீட்டரை நாற்பது முறைகூட ஓடியவர், 1952 ஹெல்சிங்கியில் மூன்று தங்கம் வாங்கியவர். ஆனால் நாற்பதையும் முழு வேகத்தில் எந்த மனிதனாலும் ஓட முடியாது. நடுநடுவே மெல்லோட்டமும் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை.

எனக்குப் பிடித்தது ரோஜர் பேனிஸ்டர் கதை. ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் ஆள். அதற்கான பயிற்சியில் கால் மைல் (சுமார் 400 மீட்டர்) ஓட்டம் பத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நிமிட இடைவெளி. ஒவ்வொரு கால் மைலுக்கும் ஆகும் நேரம் 61 விநாடிக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றது. ஓட்டத்தை விட்டுவிட்டு சில நாள் ஸ்காட்லாந்தில் மலையேறப் போனார். திரும்பி வந்து ஓடினால் 59. அடுத்து 1954 மே 6, ஒரு மைல் 3:59.4. பயிற்சி உடம்பைக் கலைக்கிறது, ஓய்வுதான் திரும்பக் கட்டுகிறது.

இப்போது சொல்கிற 80:20 கணக்கும் இதேதான்: ஓடுகிற நேரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு சுலபம், இருபது பங்கு கடினம். வாரத்தில் இரண்டே நாள் ஓட நேரம் கிடைக்கிறவருக்கு இது வேதவாக்கு இல்லை. பளுதூக்குகிறவர்கள் கணக்கே வேறு.

நான் நான்கு நாளை மெதுவாக்கினேன். முழு வாக்கியம் பேச முடியாவிட்டால் வேகம் அதிகம், அவ்வளவுதான் அளவுகோல். வாட்ச் சட்டைப் பைக்குள். ஐந்தாம் மாதம் 54 நிமிடம்.

கால் பழகிவிட்டது, கௌரவம்தான் இன்னும் பழகவில்லை. இன்று காலை ஒருவர் என்னைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்து, 'வா வா' என்று கையால் ஜாடை காட்டினார். "நீங்க போங்க சார், எனக்கு இன்னிக்கு மெதுவா ஓடுற நாள், நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூச்சு மட்டும்தான் வந்தது.