கர்த்தர் போஷிப்பார், சரி. யார் கையால்?

வெளிநாட்டு மிஷன் பயணத்துக்குக் கிளம்புகிறவர்களைச் சபையில் முன்னால் நிறுத்தி ஜெபிக்கும்போது ஒரு வார்த்தை தவறாமல் வரும். "கையில் ஒன்றும் இல்லை, விசுவாசத்தில் போகிறோம்." உடனே சபை முழுக்க ஸ்தோத்திரம். நானும் சத்தமாகவே ஸ்தோத்திரம் சொல்கிறவன்தான். கர்த்தர் போஷிக்கிறவர் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. ஆனாலும் கூடவே ஒரு கேள்வி வரும். போன இடத்தில் பணம் தீர்ந்துபோனால் யார் வீட்டு அடுப்பை நம்பிப் போகிறீர்கள்?

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பதை என் வயிற்றைப் பற்றி நான் சொல்லலாம். எனக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரருடைய பிள்ளைகளின் வயிற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இவ்வளவுதான் என் கருத்து. இதைச் சொன்னால் விசுவாசக் குறைவு என்று சிலர் முகம் சுளிப்பதால்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பணப்பையும் பையும் வேண்டாம் என்று இயேசு சீஷர்களை அனுப்பியது லூக்கா 10-இல் இருக்கிறது. மிஷன் கூட்டங்களில் அடிக்கடி வாசிப்பார்கள். அதே லூக்கா 22-இல், அப்படிப் போனபோது ஏதாவது குறைவாயிருந்ததா என்று அவரே கேட்கிறார். ஒன்றும் குறையவில்லை என்கிறார்கள். அடுத்த வசனத்திலேயே, இப்போது பணப்பை உள்ளவன் எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார். அனுப்பியவர் ஒருவர்தான். ஒருமுறை பையில்லாமல் அனுப்பினார், இன்னொருமுறை பையோடு போகச் சொன்னார். பை இல்லாததுதான் விசுவாசம் என்றால் இந்த இரண்டாவது கட்டளையை என்ன செய்வது?

தீர்க்கதரிசி எலியாவின் கதைக்கு வருவோம், ஏனென்றால் அது நிஜமாகவே ஒரு வெளிநாட்டுப் பயணம். காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்த கேரீத் ஆறு வற்றிப்போகிறது. கர்த்தர் அவனை எல்லை தாண்டி, சீதோனுக்கு அடுத்த சாறிபாத்துக்கு அனுப்புகிறார். அங்கே அவனைப் பராமரிக்க அவர் வைத்திருந்தது ஒரு விதவையை. அவளிடம் இருந்ததோ ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும். அவளே கடைசிச் சாப்பாட்டுக்கு விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், "முதலில் எனக்கு ஒரு சிறிய அடை பண்ணிக் கொண்டுவா" என்கிறான் எலியா.

இதைக் காட்டி என்னை மடக்கியவர்கள் உண்டு. "பாருங்கள், தீர்க்கதரிசியே ஏழையிடம் கேட்டு வாங்கித்தானே சாப்பிட்டார்?" ஆமாம், சாப்பிட்டார். ஆனால் அதற்கப்புறம் அந்த வீட்டில் மழை வரும்வரை மாவும் தீரவில்லை, எண்ணெயும் குறையவில்லை. அவளும் அவனும் அவள் வீட்டாரும் அநேக நாள் சாப்பிட்டார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. விருந்தாளி சாப்பிட்ட அதே பானையில் வீட்டுக்காரிக்கும் அவள் மகனுக்கும் இருந்தது. நாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட, நாம் போன பிறகு அந்த வீடு இரண்டு மாதம் கடன் அடைத்தால் அதற்குச் சாறிபாத்தைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.

ஒரு பயணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குழுவின் பொதுப் பணம் முழுவதும் ஒரே வங்கி அட்டையில் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த அட்டை முடங்கியது. பாதுகாப்புக் காரணமாம். திங்கள்கிழமை வரை யாரும் தொலைபேசியை எடுக்கப்போவதில்லை. வாசலில் வேன் ஓட்டுநர் பேசிய வாடகைக்காக நின்றுகொண்டிருந்தார். எங்களுக்கு இடம் கொடுத்திருந்த போதகர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழுப்பு உறை. அதன்மேல் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது, எங்களுக்குப் புரியாத எழுத்து. எண்ணிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை உறையிலேயே வைத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அது மகளின் பள்ளிக் கட்டணம் என்பது, கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த அந்த மகள் மறுநாள் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரியும்.

அடுத்த வாரமே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், அது வேறு. ஊருக்கு வந்ததும் சாட்சி சொன்ன எங்கள் ஆள் என்ன சொன்னார் தெரியுமா? "வங்கி கைவிட்டது, கர்த்தர் கைவிடவில்லை, அந்நேரத்தில் அற்புதமாகப் பணம் வந்தது!" சபை கைதட்டியது. போதகர் இல்லை, அவர் மனைவி இல்லை, உறையும் இல்லை. வானத்திலிருந்து விழுந்த பணம் போல ஆகிவிட்டது. கர்த்தர் கொடுத்தார் என்பது உண்மைதான். ஒரு பெண்பிள்ளையின் கட்டணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்பதும் உண்மை. பின்னதைச் சொல்லாவிட்டால் முன்னது பாதிப் பொய்.

அப்போஸ்தலன் பவுல் இப்படிச் செய்யவில்லை. "என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்" என்று பிலிப்பியர் 4-இல் வரும் வசனத்தை நாம் வாழ்த்து அட்டை முதல் வண்டிக் கண்ணாடி வரை ஒட்டி வைத்திருக்கிறோம். அதை யாருக்குச் சொன்னார்? தமக்கு உதவி அனுப்பிய சபைக்கு. கொண்டுவந்தவன் எப்பாப்பிரோதீத்து என்று பெயரைச் சொல்லி, தெசலோனிக்கேயில் இருந்தபோதும் நீங்கள் ஒன்றிரண்டுதரம் அனுப்பினீர்கள் என்று கணக்கும் சொல்லிவிட்டுத்தான் அந்த வாக்குத்தத்தத்தைக் கொடுக்கிறார். கொரிந்துவில் ஆக்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்ததும் இதே பவுல்தான்.

விசுவாச ஊழியம் என்றதும் எல்லாரும் எடுக்கிற பெயர்கள் ஜார்ஜ் முல்லரும் ஹட்சன் டெய்லரும். எடுக்கட்டும், ஆனால் முழுசாக எடுக்கட்டும். பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்த முல்லர் மனிதரிடம் கேட்பதில்லை என்று இருந்தவர். ஆனால் வந்த காசுக்கெல்லாம் கணக்கு எழுதி அறிக்கை வெளியிட்டவர். 1841 கடைசியில் இல்லங்களில் கடும் நெருக்கடி. அப்போது ஆண்டறிக்கை வந்தால் அது மறைமுக வேண்டுகோள் மாதிரி ஆகிவிடும் என்று அதைத் தள்ளிப்போட்டார். நாம் "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் வங்கிக் கணக்கு எண்ணோடு அனுப்புகிற செய்திகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பணம் வேண்டுமென்றால் வேண்டும் என்று நேரடியாகக் கேட்பது எவ்வளவோ மேல். பவுலே ஸ்பெயினுக்குப் போக ரோமாபுரி சபையின் உதவியை வெளிப்படையாக எதிர்பார்த்து எழுதியிருக்கிறார்.

டெய்லர் சீனாவுக்குக் கப்பல் ஏறியது 1853-இல். அதற்கு முன்பே, ஹல் நகரில் ஒரு மருத்துவரிடம் வேலை பார்த்தபோது, சம்பளம் கொடுக்க மறந்துபோகிற அவருக்கு நினைவூட்டாமல் ஜெபம் மட்டும் செய்து தம்மைச் சோதித்துப் பார்த்தார். தம் வயிற்றை வைத்துச் செய்த சோதனை அது. ஷாங்காய் போன பிறகு, அனுப்பிய சங்கத்தின் பணம் ஒழுங்காக வரவில்லை. சங்கம் கடன் வாங்கித்தான் ஓடுகிறது என்று தெரிந்ததும் 1857-இல் விலகினார். 1865-இல் சீன உள்நாட்டு மிஷனைத் தொடங்கியபோது அவர் வைத்த விதிகளில் கடன் கூடாது என்பதும் ஒன்று. நிச்சயமான சம்பளம் கிடையாது, வருவதைப் பகிர்ந்துகொள்வார்கள், வராவிட்டால் குறைத்துக்கொள்வார்கள்.

இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரி கதையில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அது எனக்கு எப்போதும் வலிக்கும். 1793-இல் அவர் வங்காளம் வந்தபோது மனைவி டொரத்திக்குப் புறப்பட மனமே இல்லை. முதலில் மறுத்துவிட்டு, கடைசி நேரத்தில் சம்மதித்தார். வந்த கொஞ்ச நாளில் கையில் பணமில்லை. பிறகு மத்னாபதியில் அவுரித் தொழிற்சாலை மேலாளர் வேலை கிடைத்தது, தமக்கு இனிப் பணம் அனுப்ப வேண்டாம் என்று தம்மை அனுப்பிய சங்கத்துக்கே எழுதினார் கேரி. அதற்குள் வீட்டில் நோய். 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்துபோனான். டொரத்தியின் மனநிலை அதன்பின் தேறவே இல்லை. கேரியின் விசுவாசத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அதற்கு விலை கொடுத்த டொரத்தியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

"அப்படியானால் விசுவாசத்துக்கு எங்கே இடம், எல்லாவற்றையும் காப்பீட்டு நிறுவனமே பார்த்துக்கொள்ளுமா?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இல்லாமல் விண்ணப்பமே செல்லாது. குடிவரவு அதிகாரி திரும்பும் டிக்கெட்டைக் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும். இதெல்லாம் அவிசுவாசம் என்றால் நாம் யாரும் விமானநிலையத்தைத் தாண்ட மாட்டோம். ஆனால் காப்பீடு கொடுப்பது ஆஸ்பத்திரிச் செலவை மட்டும்தான். மொழி தெரியாத இடத்தில் ஒருவர் மனதைத் திறக்க அதனால் ஆகாது. போன வேலை ஒன்றும் நடக்காமல் வெறுங்கையோடு திரும்பும்போது மனம் உடையாமல் இருக்கவும் ஆகாது. அதற்கெல்லாம் கர்த்தரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பணத்தை விட அது கஷ்டம், போனவர்களுக்குத் தெரியும்.

தேவையானது வராமலே போகிற நேரமும் உண்டு. பசியும் தாகமும் குளிரும் நிர்வாணமும் பட்டேன் என்று 2 கொரிந்தியர் 11-இல் பவுல் பட்டியல் போடுகிறார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் சொல்லமாட்டோம்.

இனி எங்கள் சபையிலிருந்து போகிற குழு, தங்கும் வீட்டின் செலவுக்கான பணத்தை முதல் நாளே அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். திரும்பி வந்து சாட்சி சொல்லும்போது, ஆபத்து இல்லாத நாடாக இருந்தால், உதவியவர்களின் பெயரையும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. இரண்டாவதற்கு ஏன் தயங்குகிறார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.