சிமென்ட் கூடினால் பூச்சில் விரிசல் வராதா?

'பூச்சு வெடிக்காமல் இருக்க ஒரு சட்டி சிமென்ட் கூடப் போடுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு யோசனை சுற்றுகிறது. உண்மை நேர்மாறு. சிமென்ட் அதிகமான கலவை காயும்போது கூடுதலாகச் சுருங்கும். பின்னாலுள்ள செங்கல் அப்படிச் சுருங்காது. இந்த இழுபறியில்தான் சிலந்தி வலை போல மெல்லிய விரிசல்கள் விழுகின்றன. வழவழப்புக்காக மேலே வெறும் சிமென்ட் பாலைத் தேய்த்தால் இன்னும் மோசம். உள்சுவருக்கு ஒரு பங்கு சிமென்டுக்கு 5 அல்லது 6 பங்கு மணல் தாராளமாகப் போதும். கூரையின் அடிப்பக்கத்துக்கு 4 பங்கு. மணலைச் சலியுங்கள், பூசும் முன் சுவரை நனையுங்கள், அப்புறம் குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்டுங்கள். (கொத்தனார் மூன்று நாள் போதும் என்பார், கேட்காதீர்கள்.) செங்கலே பிளந்திருந்தால் அது பூச்சு விவகாரமில்லை, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.