சில்லு அடுக்கைப் பார்த்தே ஆடினால்…

போக்கர் சீட்டாட்டத்தில் ஜெயித்த பணம் போய்விடுமோ என்ற பயம் வந்தால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஆடுங்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு இதில் உடன்பாடில்லை.

நான் கோலாலம்பூர் செந்தூல்காரன். ஒருமுறை கெந்திங் மலைச் சூதாட்ட விடுதியில் 500 மலேசிய வெள்ளியோடு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்தில் 1,700 ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் வினை. கையில் இரண்டு ராஜா. எல்லோருக்கும் பொதுவாக மேசை நடுவில் வைக்கிற சீட்டு இன்னும் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அந்த நிலையில் அதை முந்தக்கூடிய ஒரே கை இரண்டு ஏஸ்தான். எதிரே இருந்தவர் பெரிய தொகையைப் பந்தயமாக முன்னால் தள்ளியதும், அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்துச் சீட்டைக் கீழே போட்டுவிட்டேன். விரல்கள் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் சில்லுகளை அடுக்குவதும் கலைப்பதுமாகவே இருந்தன. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அடுக்கின் உயரமும் அதில் அடங்கிய வீட்டு வாடகையும்தான்.

இது கோழைத்தனம் இல்லை. கிடைப்பதன் மகிழ்ச்சியைவிட அதே அளவை இழப்பதன் வலி பெரிது என்று உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979லேயே எழுதிவிட்டார்கள். மனித மனசே அப்படித்தான்.

பாதி சில்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மீதியோடு ஆடலாமே என்று தோன்றும். மேசை விதி அதற்கு இடம் தராது. எடுத்தால் மொத்தமாக எடுத்துக்கொண்டு எழ வேண்டும். அதனால் இப்போதெல்லாம் உட்காரும் முன்பே கைப்பேசியில் மணி வைத்துவிடுகிறேன். அடித்ததும், நடக்கிற ஆட்டத்தை முடித்துவிட்டுக் காசாளரிடம் போய்விடுவேன். சில்லைப் பார்த்து வாடகை ஞாபகம் வந்துவிட்டால், சரி, மணி அடிக்கும்வரைகூட இருப்பதில்லை.