குப்பையை வடிவமைத்தவர் எங்கே?

போன வாரம் செத்துப்போன ஒரு வயர்லெஸ் இயர்போனைத் திறக்க உட்கார்ந்தேன், நகம் உடைந்ததுதான் மிச்சம். ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, மைக் நன்றாக இருக்கிறது, பேட்டரிதான் போய்விட்டது. ஆனால் உள்ளே போக வழியே இல்லை. ஒரு திருகாணி கூட கிடையாது, முழுக்கப் பசை. சரி, குப்பையில் போட்டுவிடலாம் என்றால் லித்தியம் பேட்டரி, எங்காவது நசுங்கினால் தீப்பிடிக்கும். வந்த பெட்டியில் குப்பைத்தொட்டி மேல் குறுக்கே கோடு போட்ட படம் ஒன்று இருக்கிறது. இதில் போடாதே என்று அர்த்தம். அப்போ எதில் போடுவது? அதற்கு மட்டும் படம் இல்லை. இப்போது அது மேசை டிராயரில், ஏற்கெனவே அங்கே படுத்திருக்கும் இரண்டு பழைய போன்களுக்குத் துணையாக.

பசை போட்டு ஒட்டலாம் என்று முடிவெடுத்தது நானா? அந்த முடிவு எடுக்கப்பட்ட அறையில் நானும் இல்லை, குப்பை அள்ளும் தொழிலாளியும் இல்லை. ஆனால் அதன் விளைவைச் சுமப்பது நாங்கள் இரண்டு பேரும்தான். இதைத்தான் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் 1990-ல் தன் நாட்டு அரசுக்கு எழுதிக் கொடுத்தார்: பொருள் விற்றதோடு தயாரித்தவரின் பொறுப்பு முடியக் கூடாது, அது குப்பையான பிறகும் தொடர வேண்டும். கேட்டால் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுவரை உலகம் நேர் எதிராகத்தான் நினைத்துப் பழகியிருந்தது.

பழகியிருந்தது என்பதை விட, பழக்கப்படுத்தப்பட்டது என்று சொல்லலாம். 1971-ல் அமெரிக்காவில் ஒரு விளம்பரம் வந்தது. சாலையோரம் குப்பையைப் பார்த்து ஒரு செவ்விந்தியர் கண்ணீர் விடுவார், குற்றவாளி நீதான் என்று பார்ப்பவனிடம் சொல்லாமல் சொல்லும். (அழுத நடிகர் உண்மையில் இத்தாலிய வம்சாவளி, அது தனிக் கதை.) அந்த விளம்பரத்தைக் கொடுத்த அமைப்பை 1953-ல் தொடங்கியவர்களில் பாட்டில், டின் தயாரிக்கும் நிறுவனங்களும் இருந்தன. காலி பாட்டிலைத் திரும்ப வாங்கிக் கழுவி நிரப்பும் முறையை விட்டுவிட்டு, குடித்ததும் தூக்கிப் போடும் டப்பாவுக்குத் தொழிலே மாறிக்கொண்டிருந்த காலம் அது. டப்பாவை மாற்றியது அவர்கள், வெட்கப்பட வேண்டியது நாம்!

தயாரித்தவரே குப்பைக்கும் பொறுப்பேற்கட்டும் என்று பேச்சை எடுத்தாலே "அந்தச் செலவையும் நம் தலையில்தானே கட்டுவார்கள்" என்று யாராவது சொல்வார்கள். ஆமாம், கட்டுவார்கள். இப்போது மட்டும் யார் கட்டுகிறார்கள்? வரியில் போகிறது, அந்தப் பொருளை வாங்கவே வாங்காதவரும் சேர்த்துக் கட்டுகிறார். விலைக்குள் வந்துவிட்டால் குறைவாகக் குப்பை போடும் பொருள் விலை குறைவாக நிற்கும், அதிகமாகப் போடுவது உறைக்கும். எனக்கு இது தண்டனையாகத் தெரியவில்லை, கணக்கை உரிய இடத்தில் எழுதுவதாகத்தான் தெரிகிறது.

ஆனால் சட்டம் போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஜெர்மனி 1991-ல் பேக்கேஜிங் குப்பைக்கு இப்படிச் சட்டம் கொண்டுவந்தது. மக்கள் பிரித்துக் கொடுத்த வேகத்துக்கு அங்கே மறுசுழற்சி ஆலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை, நிறையக் குப்பை வெளிநாட்டுக்குக் கப்பலேறியது. அந்தத் திட்டத்தின் பச்சைப்புள்ளி அடையாளத்தைப் பார்த்து 'இது மறுசுழற்சி ஆகும்' என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அதற்கு அர்த்தம், நிறுவனம் கட்டணம் கட்டியிருக்கிறது என்பது மட்டும்தான். இந்தியாவில் வேறு மாதிரி. நிறுவனங்கள் தங்கள் பிளாஸ்டிக் குப்பைக்கு ஈடாக, இவ்வளவு மறுசுழற்சி ஆகியிருக்கிறது என்ற சான்றிதழை ஆலைகளிடம் வாங்கிக் கணக்குக் காட்டலாம் என்று வைத்தார்கள். 2023-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தோண்டிப் பார்த்தபோது 6 லட்சத்துக்கும் மேல் போலிச் சான்றிதழ்கள். ஆக, குப்பை இருந்த இடத்திலேயே கிடக்க, காகிதம் மட்டும் ஒழுங்காக மறுசுழற்சி ஆகியிருக்கிறது. அப்புறம், உண்மையிலேயே குப்பையைக் கிளறிப் பிரித்து எடை போட்டு விற்கும் மனிதர்களுக்கு இந்தச் சான்றிதழ்ப் பணத்தில் எவ்வளவு போகிறது என்று யாரும் பேசுவதே இல்லை.

அதனால் என் கட்சி இதுதான்: எல்லோருக்கும் ஒரே கட்டணம், டன்னுக்கு இவ்வளவு என்று வசூலிப்பது வீண். நிறுவனம் அதை இன்னொரு வரியாக நினைத்துக் கட்டிவிட்டு, பழையபடி பசையைப் போட்டு ஒட்டும். வடிவமைப்பைப் பார்த்துக் கட்டணம் மாற வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் போடும் கரி நிறமி அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடுவதால், தரம்பிரிக்கும் இயந்திரத்தின் கண்ணுக்கு அந்தத் தட்டே தெரியாது, நேராக எரிக்கவோ புதைக்கவோ போய்விடும். அதே தட்டை வேறு நிறத்தில் செய்தால் பிரச்சினை தீர்ந்தது. பிரான்ஸ் இப்படி மறுசுழற்சிக்குக் குறுக்கே நிற்கும் பேக்கேஜிங்குக்குக் கூடுதல் கட்டணம் போடுகிறது. ஜப்பானில் 2001 முதல் பழைய டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷின், ஏசியைத் தயாரித்தவரே மறுசுழற்சி செய்தாக வேண்டும் (அதற்கான கட்டணத்தைத் தூக்கிப் போடும் நேரத்தில் மக்களிடம் வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மற்றது பிடிக்கிறது). சில நிறுவனங்கள் சொந்தமாகவே ஆலை நடத்துகின்றன. தான் போட்ட திருகைத் தானே கழற்ற வேண்டி வந்தால்தான் எத்தனை திருகு போட்டோம் என்று ஒருவருக்கு உறைக்கும்.

2022-ல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவைப் போட்டிருக்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் கால்பங்கு கூட இல்லை. என் டிராயர் எல்லாம் அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் வருமோ.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு பேட்டரி விதி போட்டது. சில விலக்குகள் போக, கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டுமாம், அதற்கு வைத்த கெடு 2027 பிப்ரவரி. பசையை விட்டுத் திருகாணிக்கு யார் யார் திரும்புகிறார்கள் என்று பார்க்கத்தான் காத்திருக்கிறேன். நகமும் அதற்குள் வளர்ந்துவிடும்.