பெடார்ட் மட்டும் இல்லை
2023 உலக ஜூனியர் (20 வயதுக்குட்பட்டோர்) ஐஸ் ஹாக்கியில் கனடா சொந்த மண்ணில் சுலபமாக வென்றது, எல்லாம் அதன் முன்கள வீரர் கானர் பெடார்டால்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. ஹாலிஃபாக்ஸில் முதல் ஆட்டத்திலேயே செக் அணியிடம் 2-5 என உதை வாங்கினார்கள். பெடார்டின் 23 புள்ளிகள் (அடித்த கோல்களும் கோலுக்கு உதவிய பாஸ்களும் சேர்த்து) அபாரம்தான். கால் இறுதியில் ஸ்லோவாக்கியாவை ஓவர்டைமில், அதாவது கூடுதல் நேரத்தில், சாய்த்த கோலும் அவருடையதே. ஆனால் அதே செக் அணியுடன் இறுதிப் போட்டியில் அவர் கோல் அடிக்கவில்லை. கனடாவின் 2-0 முன்னிலை மூன்றாவது பீரியடில், அதாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், ஒரு நிமிடத்துக்குள் கரைந்துபோனது. அப்புறம் அணிக்கு மூன்று வீரர்கள் மட்டும் ஆடும் ஓவர்டைம். கனடாவின் ஜோஷுவா ராய் தள்ளிக்கொடுத்த பக்கை (ரப்பர் வட்டை) சக வீரர் டிலன் குந்தர் வலைக்குள் அனுப்பி வெற்றியைத் தந்தார். முதல் ஆட்டத்தில் மாற்று கோல்கீப்பராக இறங்கிய தாமஸ் மிலிக்தான் கடைசிவரை காத்தார். அவரை எப்படி மறக்கலாம்?